முங்கக் கூடாத தண்ணீர்

லண்டனில் ஜனவரி மாதக் காலை. திறந்தவெளி நீச்சல் குளத்தின் படியில் வெற்றுடம்போடு நின்று நடுங்குகிறேன். தண்ணீர் நான்கு டிகிரி என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். நான் தங்கியிருக்கும் வீட்டின் உரிமையாளர் ஜெயந்தி அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர், வாரம் தவறாமல் இங்கே நீந்துகிறவர். கம்பளித் தொப்பியோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, பத்தாவது தடவையாகச் சட்டம் பேசுகிறார்.

"குதிக்கக் கூடாது தம்பி. தலையை நனைக்கக் கூடாது. மெல்ல மெல்ல இறங்குங்கோ."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "அக்கா, நான் மார்கழியில தாமிரபரணியில குளிச்சவன். ஒரே முங்கா முங்கிட்டா குளிர் ஓடிரும். இப்படி இஞ்ச் இஞ்சா இறங்குறதுதான் சித்திரவதை."

"அது ஆறு. இது ஐஸ். படிக் கைப்பிடிக் கம்பியை விடாதேங்கோ."

பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குகிறேன். தண்ணீர் நெஞ்சைத் தொட்டதும் வாய் தானாகப் பிளந்து காற்றை இழுக்கிறது. மறுபடியும் இழுக்கிறது. நிறுத்த முடியவில்லை.

அக்கா என் கையை இறுகப் பிடிக்கிறார். "இப்ப தலையும் தண்ணிக்குள்ளை இருந்திருந்தால் என்னத்தை இழுத்திருப்பியள்?"

பதில் தெரிகிறது. சொல்லத்தான் மூச்சில்லை.