வேண்டாம் அக்கா

"காதை மடக்குங்க."

வந்தவர் காதை மடக்கிக் காட்டுகிறார். பல்குத்தும் குச்சியின் நுனியில் துளி சாயம் எடுத்து, காதுக்குப் பின்னால் கடுகளவு பொட்டு வைக்கிறாள் அக்கா. அவ்வளவுதான். தோளில் தட்டி எழுப்பிவிடுகிறாள். "ரெண்டு நாள் கழிச்சு வாங்க. நடுவுல அரிச்சா, சிவந்தா, உடனே கழுவிட்டு எனக்குச் சொல்லுங்க." தலை முழுக்கக் கறுப்பாக்கிக்கொண்டு போகலாம் என்று வந்தவர், காதுக்குப் பின்னால் ஒற்றைப் பொட்டோடு தெருவில் இறங்குகிறார். அவசரம், விசேஷம் என்று இழுத்தாலும் அக்கா மசிய மாட்டாள். "வீங்கின மூஞ்சியோட போறதுக்கு நரைச்ச தலையோட போகலாம். போட்டோல அதுதான் நல்லா விழும்."

இந்தத் தெருவில் அவளுக்கு வேண்டாம் அக்கா என்று பெயர். அழகு நிலையம் நடத்துகிறவள் வாயில் முதலில் வருகிற சொல் அதுதான். முகம் வெளுக்க எலுமிச்சம்பழம் தேய்க்கிறேன் என்றால், "வேண்டாம், அது சாப்பிடற சாமான்." பருவுக்குப் பற்பசை தடவினேன் என்றால், "ஏன், கன்னத்துல பல்லா முளைச்சிருக்கு?" மாதம் ஒருமுறை ஃபேஷியல் செய்துகொள்ளட்டுமா என்றால், சுருட்டி வைத்திருக்கும் துண்டால் முழங்கையில் செல்லமாக ஓர் அடி. "கழுவு, ஈரம் காயறதுக்குள்ள ஏதாவது க்ரீம் தடவு, வெயில்ல போனா வெயில் க்ரீம் போடு. மூணே மூணு. நாலாவது எவளாவது சொன்னா அவகிட்ட பேசாத."

யாராவது விலை கூடிய டப்பாவைக் கொண்டுவந்து காட்டினால் அக்காவுக்கு ஒரே குஷி. இழுப்பறையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுப்பாள். பக்கத்தில் மளிகைக் கடையில் கிடைக்கும் மலிவு டப்பா ஒன்றை வைத்து, இரண்டின் முதுகிலும் பொடி எழுத்தில் இருப்பதை வரிவரியாகப் படிப்பாள். ஐந்தாவது வரி வரைக்கும் ஒன்றேதான் என்று தெரிந்ததும் நாற்காலியில் சாய்ந்து சிரிப்பாள். "பாத்தியா? ஒரே புள்ளைக்கு ரெண்டு சட்டை."

வீட்டின் முன்னறைதான் நிலையம். இரண்டு நாற்காலி. நடுவில் கம்பியில் ஓடும் பூப்போட்ட திரை. இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். பெண்கள் பக்கத்துக் கண்ணாடி ஒரு செருப்புக் கடை மூடும்போது வாங்கியது. காலைக் காட்டுவதற்கென்று செய்த கண்ணாடி என்பதால் எவ்வளவு நிமிர்த்தி மாட்டினாலும் கொஞ்சம் குனிந்தே நிற்கும். சாயம் கலக்க பழைய ஐஸ்கிரீம் டப்பா; உலோகப் பாத்திரம் கூடாது. கிருதாவுக்குத் தேய்ந்த பல் துலக்கும் பிரஷ். போர்த்திவிட, பள்ளிப் பேருந்து ஓட்டும் புருஷனின் பழைய சட்டைகள், முன்பின்னாக. வெளிநாட்டுப் படங்களில் வருகிற மாதிரி அலங்காரமான மேலங்கி வேண்டும் என்று ஒருத்தி கேட்டதற்கு, "இந்தச் சட்டை பதினாலு வருஷம் வண்டி ஓட்டியிருக்கு, ஒரு விபத்து இல்ல. இதுக்கு மேல என்ன ராசி வேணும்?" என்று பொத்தானைப் போட்டுவிட்டாள்.

முன்பு கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய சலூன் ஒன்றில் பதினோரு வருடம் இருந்தாள். அங்கேயும் இதே வாய். முடிக்குப் பட்டுச் சிகிச்சை எடுக்க வந்த பெண்ணிடம், "தினம் சூடு காட்டாம இருந்தா போதும்மா, தானா பட்டாயிடும்" என்று சொல்லி அனுப்பிய அன்று மேலாளர் கூப்பிட்டார். "நீ வேலை பாக்க வந்தியா, வேலையைக் கெடுக்க வந்தியா?" அக்கா ஒரு நிமிடம் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். பிறகு, "ரெண்டும்தான் சார்" என்றாள். மறுநாள் முன்னறையில் நாற்காலி போட்டாயிற்று.

புதிதாக எந்தச் சாயம் வந்தாலும் முதலில் தன் தலையில்தான் பரீட்சை. பின்கழுத்துப் பக்கம் ஒவ்வொரு கற்றையாக எடுத்துப் பூசிப் பார்ப்பாள். கொண்டை போட்டிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அவிழ்த்தால் கறுப்பு, காப்பி, செம்பட்டை, கத்தரிப்பூ, ஒரு ரகம் பச்சை. "என் பொண்டாட்டி முன்னாடி பாத்தா குடும்பம், பின்னாடி பாத்தா பெயிண்ட் கடை" என்பார் புருஷன்.

இந்த அக்காவுக்கு ஒரு பலவீனம் உண்டு. கேட்டதை வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது. பொய்யும் வராது. அப்படிப்பட்டவளிடம் இந்த வருடம் இரண்டு ரகசியங்கள் வந்து மாட்டிக்கொண்டன.

முதலாவது, எதிர்க் குடியிருப்பில் லிப்ட் பழுது பார்க்க வந்த மெக்கானிக். ஐம்பத்தெட்டு வயது, மனைவி போய் ஒன்பது வருடம். தலை மட்டும் பூட்ஸ் பாலிஷ் போட்டதுபோலக் கறுகறுவென்று இருந்தது. குளியலறையில் தானே பொட்டலம் பிரித்துப் போட்டுக்கொள்கிறவர். கொஞ்ச நாளாக அரிப்பு. நெற்றி ஓரமெல்லாம் தடித்திருந்தது.

"நல்ல சரக்கா இருந்தா போட்டு விடு, தங்கச்சி. ரெண்டு மாசத்துல பதிவு அலுவலகத்துல கல்யாணம்" என்றார், திரைக்கு வெளியே யாரும் இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு.

அக்கா வழக்கம்போல் ஒரு பொட்டு வைத்தாள். இரண்டு நாள்கூட ஆகவில்லை. மறுநாள் காலையிலேயே காது பஜ்ஜி மாதிரி உப்பி வந்து நின்றார். டாக்டரிடம் அனுப்பினாள். டாக்டர் மருந்து எழுதி, இனி ஆயுசுக்கும் சாயம் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"வேற ஏதாவது? மூலிகைன்னு போட்டிருக்கே, அது?"

"வேண்டாம் அண்ணே. கறுப்பா ஆக்கற மூலிகைப் பொட்டலத்துல பாதிக்கு மேல அதே சாயம்தான் கலந்திருக்கும். விடுங்க. அடியில வெள்ளை வளரட்டும். அப்புறமா நுனிக் கறுப்பை நான் வெட்டி எடுத்துடறேன். ராஜா மாதிரி இருப்பீங்க."

"நீ ராஜாங்கற. அவ தாத்தாம்பா." மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு நரைன்னே அவளுக்குத் தெரியாது. யார்கிட்டயும் சொல்லிடாத."

அவள் யார் என்று அக்கா கேட்காமல் இருப்பாளா? சொன்னார். பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவர். ஒன்பது மாடி உயரத்தில், இருட்டுக் குழிக்குள் கயிற்றைப் பிடித்துத் தொங்கி வேலை செய்கிற மனிதர், ஊசியைக் கண்டதும் மயங்கி அவர் மடியிலேயே விழுந்திருக்கிறார். அப்படி ஆரம்பித்ததாம்.

அக்காவின் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது. ஏனென்றால் அந்த ஊசிக்காரம்மா, மூன்று வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை திரைக்கு இந்தப் பக்கம் வந்து உட்காருகிறவர். ஐம்பத்து மூன்று வயது; கல்யாணமே செய்துகொள்ளாதவர். வெள்ளை வகிட்டில் காப்பிக்கொட்டை நிறம் பூசிக்கொள்வார். அடுத்த சனிக்கிழமை வந்து உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் பேச்சு: "வேர் தெரியாம நல்லா போடும்மா. அவருக்கு என் நரை தெரியாது. உனக்கும் எனக்கும்தான் இது."

அக்கா சாயத்தைக் கலக்கினாள், கலக்கினாள், கட்டி ஒன்றும் இல்லாதபோதும் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

அதன்பிறகு ஆறு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மெக்கானிக் தொப்பி போட ஆரம்பித்துவிட்டார். குளிருக்குப் போடுகிற கம்பளித் தொப்பி, காதுவரை இழுத்துவிட்டு. சளி என்று சொல்லிவைத்தார். உணவகத்துக்குப் போகலாம் என்றால் விளக்கு மங்கலாக இருக்கும் மூலையைத் தேடினார். பிறகு அதுவும் குறைந்து, போனில் மட்டும் பேசினார். திரைக்கு அந்தப் பக்கம் வந்தால் வளர்ந்த வெள்ளையை விரலால் அளந்து பார்த்துப் புலம்புவார். திரைக்கு இந்தப் பக்கம் ஊசிக்காரம்மா தொப்பியைப் பற்றிப் புலம்புவார். நடுவில் அக்கா, துண்டை வாயில் கடித்துக்கொண்டு.

"இவ ரெண்டு நாளா தூக்கத்துல 'வேண்டாம், வேண்டாம்'ங்கறா. என்னையா சொல்றா?" என்று புருஷன் பக்கத்து வீட்டில் விசாரித்தார்.

ஆறாவது வாரம் ஊசிக்காரம்மா தலைக்குச் சாயம் போட வரவில்லை. சும்மா வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"தேதியைத் தள்ளி வைக்கலாம்னு சொல்லப் போறேன்" என்றார். "அவர் மனசு மாறிடுச்சு போல. முகம் குடுத்துப் பேசறதில்ல. இந்த வயசுல போய் ஆசைப்பட்டேன் பாரு, எனக்கு வேணும்."

அக்கா உதடுவரை வந்ததை விழுங்கினாள். வாக்குக் கொடுத்திருக்கிறாளே. "சனிக்கிழமை பதினோரு மணிக்கு வாங்க" என்றாள். "தள்ளி வைக்கறதோ என்னவோ, தலையை ஏன் அப்படியே விடணும்? போட்டுட்டுப் போய்ச் சொல்லுங்க." அவர் தெருமுனை திரும்பியதும் போனை எடுத்தாள். "அண்ணே, சனிக்கிழமை பதினொண்ணு பத்துக்கு வாங்க. வெட்டற அளவு வந்தாச்சு." பிறகு புருஷனிடம் போய் நின்றாள். "நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலை. நேரம்தான் குடுத்தேன். அதுல தப்பு இருக்கா?" அவருக்கு ஒன்றும் புரியவில்லை, இல்லை என்று தலையாட்டி வைத்தார்.

சனிக்கிழமை. ஊசிக்காரம்மாவின் தலையில் பாதிக்குச் சாயம் ஏறியிருந்தது. மறுபாதியில் வேரெல்லாம் வெள்ளை வெளேர் என்று தெரிந்தது. நெற்றி ஓரத்தில் சாயம் ஒட்டாமலிருக்கத் தடவிய வாஸ்லின் பளபளத்தது. அந்தப் பக்கக் கதவு திறந்து, யாரோ வந்து உட்காரும் சத்தம் கேட்டது. அக்கா கையுறையைக் கழற்றிவிட்டுத் திரையைத் தாண்டிப் போனாள்.

"தொப்பியைக் கழட்டுங்க அண்ணே."

"இரு, கொஞ்சம் தைரியம் வரட்டும்."

"கல்யாணத்தன்னைக்கும் தொப்பியோடவே கையெழுத்துப் போடுவீங்களா?"

"போட்டாலும் போடுவேன்" என்றார் மெக்கானிக், தொப்பியை மெல்லக் கழற்றியபடி. "கிண்டல் பண்ணாத தங்கச்சி. ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன். ஒன்பது வருஷம் கழிச்சு ஒருத்தி என்னைப் பாத்துச் சிரிச்சா. இந்தத் தலையைப் பாத்துட்டு அந்தச் சிரிப்பு போயிடுச்சுன்னா, நான் என்ன செய்வேன்?"

இந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. கம்பியில் வளையங்கள் ஒரே ஓட்டமாக ஓட, திரை விலகியது. புருஷனின் பழைய சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொண்டு, ஒரு பாதித் தலை சாயக் குழம்பும் மறு பாதி வெள்ளை வேருமாக ஊசிக்காரம்மா நின்றார்.

மெக்கானிக்கின் கையிலிருந்த தொப்பி நழுவியது. நுனியில் மட்டும் கறுப்பு ஒட்டிய வெள்ளை முடி, முள்ளம்பன்றிபோலச் சிலிர்த்து நின்றது. இருவரும் ஒருவர் தலையை ஒருவர் பார்த்தார்கள்.

"சளின்னு சொன்னீங்களே!" என்றார் ஊசிக்காரம்மா. "ஆறு வாரமாச் சளியான்னு, உங்களைக் கூப்பிட்டு மறுபடியும் ரத்தம் எடுக்கலாம்னு இருந்தேன்!"

"எடுத்திருந்தா மறுபடியும் மயங்கியிருப்பேன்" என்றார் அவர், தலையை மறைப்பதா வேண்டாமா என்று தெரியாமல். பிறகு மெதுவாக, "நீயுமா? எப்பலேருந்து?"

"முப்பத்தெட்டு வயசுலேருந்து."

"நான் நாப்பத்தஞ்சு." அவர் முகத்தில் ஏதோ இளகியது. "அப்ப நீதான் சீனியர்."

முதலில் சிரித்தது யார் என்று அக்காவுக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஊசிக்காரம்மா சிரித்த சிரிப்பில் சாயம் தெறித்து, குனிந்து நின்ற கண்ணாடியெல்லாம் புள்ளி விழுந்தது. கண்ணைத் துடைக்கப் போனவரின் கையை அக்கா தாவிப் பிடித்தாள். "கண்ணுல வேண்டாம், கண்ணுல வேண்டாம்!"

எல்லாம் அடங்கியதும் அக்கா கேட்டாள்: "இன்னும் பாதி இருக்கும்மா. போடவா, கழுவிடவா?"

ஊசிக்காரம்மா மெக்கானிக்கைப் பார்த்தார். "என்னைக் கேக்காத" என்றார் அவர். "எனக்கு ஒத்துக்கல, அதனால விட்டேன். உனக்குப் பிடிச்சதைச் செய்."

ஊசிக்காரம்மா கண்ணாடியில் இரண்டு பாதியையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "போடு. எனக்கு இந்தக் கலர் பிடிக்கும். ஆனா, மூணு வாரத்துக்கு ஒருதடவை அவசரமா ஓடி வரமாட்டேன். வேர் தெரிஞ்சா தெரியட்டும்."

"நான் பூசி விடட்டுமா? கிரீஸ் போட்ட கை" என்று மெக்கானிக் பிரஷ்ஷுக்குக் கை நீட்டினார்.

"வேண்டவே வேண்டாம்! தொட்டீங்கன்னா கையும் காது மாதிரி ஆயிடும்" என்று அக்கா அவரை நாற்காலியில் தள்ளி உட்கார வைத்து, நறுக் நறுக்கென்று கறுப்பு நுனிகளை வெட்டித் தள்ளினாள். ஐந்து நிமிடத்தில் முக்கால் அங்குல வெள்ளியாக ஒரு தலை வெளியே வந்தது. ஊசிக்காரம்மா எழுந்து வந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்து, இப்படியும் அப்படியும் தடவிப் பார்த்தார். "துணி துவைக்கற பிரஷ் மாதிரியே இருக்கு" என்றார். கையை மட்டும் எடுக்கவில்லை.

மிச்சச் சாயத்தைப் பூசி முடித்தாள் அக்கா. இனி அரை மணி நேரம் ஊற வேண்டும். இரண்டு நாற்காலியையும் திரை இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டு, வாசலுக்கு வந்து படியில் நின்றாள். உள்ளே மின்விசிறி அதிகபட்ச வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தோளில் துண்டோடு பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். "என்னக்கா, வெளிய நிக்கறீங்க? புருவம் எடுக்கணும்."

"கரண்ட் இல்லம்மா. அரை மணி நேரம் கழிச்சு வா" என்றாள் வேண்டாம் அக்கா. விசிறிச் சத்தம் தெருவுக்குக் கேட்டுவிடாமல், முதுகாலேயே கதவைத் தள்ளிச் சாத்தினாள்.