இரவல் பிள்ளைகளும் இரண்டு கொடிகளும்

காலை ஏழே முக்கால். ரெம்பியா ஊரைத் தாண்டி எஸ்டேட் சாலையில் திரும்பியதும் முதலில் தெரிந்தது, தமிழ்ப்பள்ளி வாசலில் நின்ற வேன். அலோர் காஜா நகரப் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் அது.

நட்பு நாடு ஒன்றின் விமானப்படை நம் படையுடன் கூட்டுப் பயிற்சிக்கு வந்திருந்தது. ஓய்வு நாளில் அதன் வீரர்கள் இந்தப் பள்ளிக்கு வண்ணம் பூசுவதாக ஏற்பாடு. என் நாளிதழ் படம் கேட்டிருந்தது.

பள்ளியில் மிஞ்சியிருந்த பிள்ளைகள் ஒரே மேசையைச் சுற்றி உட்காரக்கூடியவர்கள். பள்ளியை மூடப்போவதாகப் பேச்சு இருந்தது. அதனால்தான் தலைமையாசிரியை, படத்துக்காக அந்த வேனில் நகரப் பள்ளியிலிருந்து பிள்ளைகளை இரவல் வாங்கியிருந்தார்.

"காலி வகுப்பப் படம் புடிச்சா கல்வி இலாகாவுலயே மூடச் சொல்லிடுவாங்கண்ணே," என்றார் என்னிடம்.

வீரர்கள் சுவரில் இரு நாட்டுக் கொடிகளையும் வரைந்தார்கள். அவர்களுடன் வந்த நம் படையின் சார்ஜன் பதவிக்காரர் ஒரு தமிழர்.

"ரெண்டு நாட்டு பைலட்டும் சேர்ந்து பறக்கறாங்க, ஒருத்தர் பிளேன இன்னொருத்தர் ரிப்பேர் பண்ணப் பழகறாங்க. அதெல்லாம் யாரு பாக்கறா? பேப்பர்ல வர்றது பெயிண்டுதான் லா," என்றார் அவர்.

"அப்ப ஒங்க நட்பே எங்க சுவத்துலதான் நிக்குது," என்றார் ஆசிரியை. சார்ஜன் சிரித்தார்.

வேடிக்கை பார்க்க வந்த எஸ்டேட் பிள்ளையின் தாய் ஒருத்தி, சீருடை மடிப்புக் கலையாத நகரப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வேன் ஓட்டுநரிடம் போனாள்.

"அண்ணே, இந்த வேன் தெனமும் இந்தப் பக்கம் வருமா?"

"ஆளு இருந்தா வரும் லா. ஒங்க புள்ளையோட இன்னும் ரெண்டு பேரச் சேத்து விடுங்க."

ஆசிரியை கையில் பெயிண்ட் டின்னோடு அருகில்தான் நின்றார்.

படம் நன்றாக வந்தது. அடுத்த பள்ளித் தவணைக்குள் எஸ்டேட் பிள்ளைகளில் பாதிப் பேர் நகரப் பள்ளிக்கு மாறினார்கள். ஆசிரியை சார்ஜனுக்குப் போன் செய்து, வண்ணம் பூச வந்த வீரர்கள் பள்ளியை மூட வேண்டாமென்று கல்வி இலாகாவுக்கு ஒரு வார்த்தை எழுத முடியுமா என்று கேட்டாராம். சார்ஜன் சொன்ன பதிலை ஆசிரியை என்னிடம் அப்படியே சொன்னார்: "எங்க ரிப்போர்ட்டுல ஒங்க ஸ்கூல் நல்லா இருக்கு டீச்சர். படத்துல புள்ளைங்க நெறையா இருக்காங்களே." அடுத்த கூட்டுப் பயிற்சி அந்த நட்பு நாட்டில் நடக்கவிருந்தது. சார்ஜன் அதற்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

பள்ளி மூடப்பட்டது. எஸ்டேட் பிள்ளைகளை ஏற்ற வேன் தினமும் காலையில் அதன் வாசலில், கொடிகள் வரைந்த சுவர் ஓரமாக நிற்கிறது.