இடையில் விழுந்த செவ்வாயும் புதனும்

பென்சன் செக்சனுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது, "ஐயா, ஆகப் பெரிய கரைச்சல் தந்த கேஸ் எது?" என்றுதான். கையாடல், கள்ளக் கையெழுத்து என்று ஏதாவது சொல்வேன் என்று பார்த்துக்கொண்டு இருப்பார்கள். நான் சொல்வது கணபதிப்பிள்ளை அண்ணையின் கேஸ். அதில் கள்ளன் ஒருத்தனும் இல்லை. அதுதான் கரைச்சல்.

உலக யுத்தம் முடிந்திருந்தது, வெள்ளைக்காரர் இன்னும் போகவில்லை. நான் வெள்ளவத்தையிலிருந்து ரயிலில் கோட்டைக்குப் போய், ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தேன். ஒரு சேவையிலிருந்து இன்னொரு சேவைக்கு மாறினவர்களின் காலத்தைச் சேர்த்துப் பென்சன் கணிப்பது என் மேசை. நகரசபை மாதிரி இடங்களில் புரொவிடன்ட் ஃபண்ட், அரசாங்கத்தில் பென்சன். ஃபண்டில் சபை போட்ட பங்கை அரசாங்கத்திடம் ஒப்படைத்தால் பழைய சேவையும் பென்சனுக்குச் சேரும். ஆனால் இடையில் ஒரு நாளும் முறிவு இருக்கக் கூடாது. இருந்தால் பழைய சேவை போச்சு.

கணபதிப்பிள்ளை அண்ணை கொட்டாஞ்சேனைக்காரர். ஒரு நகரசபையில் பதினாலு வருசம் தண்ணீர்க் குழாய் வேலை, பிறகு அரசாங்கக் களஞ்சியம் ஒன்றில் ஆறு வருசம். நெஞ்சு வருத்தம் பிடித்து, இனி வேலை செய்யக் கூடாது என்று டாக்குத்தர் எழுதிவிட்டார். வெறும் ஆறு வருசத்துக்குப் பென்சன் கிடையாது. கையில் கொஞ்சம் காசைத் தந்து அனுப்புவார்கள். பதினாலும் சேர்ந்தால் மாதாமாதம் பென்சன். பிள்ளைகள் இல்லாத வீடு. மருந்துக்கும் சோற்றுக்கும் வேறு வழி இல்லை.

பைலைத் திறந்ததும் முறிவு கண்ணில் பட்டது. நகரசபையில் கடைசி நாள் திங்கட்கிழமை. களஞ்சியத்தில் சேர்ந்தது வியாழக்கிழமை.

"செவ்வாயும் புதனும் எங்கை அண்ணை போனீங்கள்?"

"வீட்டிலைதான்."

"வருத்தமோ?"

"இல்லை. சும்மா நிண்டனான் தம்பி."

எனக்கு விசர் வந்தது. அந்த நாளில் நான் வாய்க்காரன் என்று கந்தோர் முழுக்கத் தெரியும். "பதினாலு வருசத்தைச் சும்மா நிண்டு துலைச்சிருக்கிறீங்கள்! காய்ச்சல் எண்டு சொல்லுங்கோ. துண்டு எழுதித்தர எனக்குத் தெரிஞ்ச டாக்குத்தர் ஒராள் இருக்கிறார்."

"பொய் வேண்டாம்" என்றார்.

தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப்போய் இருத்திய பிறகுதான் வாய் திறந்தார். களஞ்சியத்தில் வரச்சொன்னது செவ்வாய்க்கிழமைதான். ஆனால் அந்தச் செவ்வாய் அட்டமி, புதன் நவமி, புது வேலை தொடங்க ஆகாத நாட்கள். பஞ்சாங்கம் பார்த்து மறித்தது அவருடைய மனைவி பாக்கியம் அக்கா.

"இதை அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. தன்னாலைதான் போச்சுதெண்டு தெரிஞ்சா உடைஞ்சுபோவா. நான் குழாய் பொருத்தினவன் தம்பி. பொருத்திலை இடைவெளி விட்டா ஒழுகும்தானே. போகட்டும்."

போகட்டுமாம்! அந்த மனிசனைக் கட்டிப்பிடிக்கவும் வேண்டும்போல இருந்தது, பிடித்து உலுப்பவும் வேண்டும்போல இருந்தது. நாள் பார்க்காமல் வேலைக்குச் சேர்ந்தவன் அந்தக் கந்தோரில் எவன்? நானே நல்ல நேரம் வரும்வரை வாசலில் நின்றுவிட்டு உள்ளே போனவன். என்ன, நான் விட்டுவந்த வேலை என்று ஒன்று இருக்கவில்லை. அதனால் தப்பினேன்.

எங்கள் சீஃப் கிளாக் ஒரு பறங்கி மனிதர். கெட்டவர் இல்லை, ஆனால் காரணம் இல்லாமல் எதிலும் கையெழுத்து வைக்க மாட்டார். "சும்மா நிண்டான் எண்டு மேலே எழுத ஏலுமா மேன்?" என்று பைலை என் பக்கம் தள்ளிவிட்டார்.

அடுத்த கிழமை அண்ணைக்குப் படுக்கையை விட்டு எழும்ப முடியவில்லை. டாக்குத்தரின் கடிதத்தோடு பாக்கியம் அக்காவே கந்தோருக்கு வந்தார். சீஃப் கிளாக் கண்டுவிட்டார். அந்த இரண்டு நாளும் புருசன் என்ன செய்தார் என்று இவவிடம் கேள் என்று இங்கிலீசில் என்னிடம் சொன்னார். அவருக்குத் தமிழ் அரைகுறை. கேட்க வேண்டியவன் நான். அவவுக்குச் சொல்ல வேண்டாம் என்று அண்ணை கெஞ்சியது நினைவில் வந்தது. என்ன செய்ய, கேட்டேன்.

"ஏன் தம்பி அதைக் கேக்கிறீங்கள்?" என்றார் அக்கா.

இனி மறைக்க வழியில்லை. அந்த இரண்டு நாளால் பதினாலு வருசமும் போகப்போகிறது என்று சொன்னேன். அழப்போகிறார் என்று பயந்தேன். அழவில்லை, கோபம்தான் வந்தது.

"இதையோ அந்த மனிசன் மறைச்சவர்? ஓம், நான்தான் மறிச்சனான். ஆனா களவாய் மறிக்கேல்லை. ரெண்டு பேருமாய்க் களஞ்சியத்துக்குப் போய்க் கேட்டனாங்கள். அங்கத்தைப் பெரிய கிளாக்கர், சிங்கள ஐயா, 'எங்களுக்கும் நெக்கத், நல்ல நேரம் எல்லாம் இருக்குத்தானே அம்மா, வியாழக்கிழமை வரட்டும்' எண்டு அவர்தானே சொன்னவர்!"

நான் இங்கிலீசில் சொல்லி முடிக்க முன்னரே சீஃப் கிளாக் நிமிர்ந்துவிட்டார். "அப்ப அவன் சும்மா நிக்கேல்லை மேன். கந்தோர் லீவு குடுத்திருக்கு!"

முறிவு சேவையை வெட்டும். அனுமதித்த லீவு, சம்பளம் இல்லாவிட்டாலும், வெட்டாது. அக்காவின் பெயர் வரக் கூடாது என்று அண்ணை எதை மூடி வைத்தாரோ, அதற்குள்தான் அவருடைய பென்சனும் கிடந்தது.

அந்தச் சிங்கள ஐயா இன்னும் களஞ்சியத்திலேயே இருந்தார். நான் போய்க் கேட்டதும் முகம் கறுத்தது. நாள் பார்த்து ஆள் சேர்த்ததற்குத் துரையிடம் ஏச்சு வாங்க வேண்டி வரும் என்ற பயம். "அனே மாத்தையா, ஐயோ ஐயா" என்று பெருமூச்சு விட்டார். ஆனாலும் தான் அனுமதி கொடுத்ததை எழுதித் தந்தார். அவரை இன்றைக்கும் மனதுக்குள் கும்பிடுகிறேன்.

மேலிடமும் ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து என் மேசைக்கு முன்னால் ஒருவர் "சும்மா" என்று சொன்னால் நான் ஏசுவதில்லை. வீட்டில் யார் இருக்கினம் என்று கேட்பேன். நீங்களும் கேளுங்கள், பிள்ளைகள்.

ஃபண்டை ஒப்படைக்கிற பத்திரத்தில் அண்ணையின் கையெழுத்து வேண்டும். கொட்டாஞ்சேனைக்கு நானே கொண்டுபோனேன். அன்றும் செவ்வாய்க்கிழமை. நான் பேனையை நீட்ட, சுவர் மணிக்கூடு மூன்று அடித்தது. ராகுகாலம் தொடங்குகிற நேரம்.

அண்ணை பேனையை வாங்கவில்லை. தலையணையில் சாய்ந்தபடி அக்காவின் முகத்தைப் பார்த்தார். "தம்பி, நாலரைக்குப் பிறகு வைப்பமே?" என்றார்.

அக்கா என் கையிலிருந்த பேனையைப் பறித்து அவருடைய விரல்களுக்குள் வைத்தார்.

"ராகு தன்ரை பாட்டிலை போகட்டும். நீங்கள் இப்பவே வையுங்கோ."