குளிரில் அளந்த சிலிண்டர்

என் மகள் கனடாவில் பழைய ஸ்னோமொபைல் ஒன்றை வாங்கிவிட்டாள் என்று தெரிந்த காலையில் எனக்குக் காபி இறங்கவில்லை. பனிமேல் ஓடுகிற மோட்டார் சைக்கிள் மாதிரியான வண்டி அது. முன்னால் சறுக்குப் பலகை, பின்னால் டாங்கிக்கு இருப்பதுபோல ஒரு பெல்ட். அவள் அங்கே டீச்சர். வீடு ஒரு பெரிய ஏரியின் இக்கரையில், பள்ளிக்கூடம் அக்கரையில். காரில் சுற்றிப்போனால் நேரம் எக்கச்சக்கமாக ஆகும், உறைந்த ஏரியைக் குறுக்கே கடந்தால் சீக்கிரம் போய்விடலாம். அதற்குத்தான் வண்டி.

"மலிவா வந்துச்சும்மா. இன்ஜின் மட்டும்தான் ஜாமாகியிருக்கு" என்றாள், ஏதோ கத்திரிக்காய் ஒன்று சொத்தை என்பதுபோல.

எங்கே ஜாமானது என்று கேட்டேன். நடு ஏரியிலாம். விற்ற மனிதர் அந்தக் காற்றில் நடந்தே கரை சேர்ந்தாராம், கால்விரல் இரண்டை எடுக்க வேண்டி வந்ததாம். இதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என் பயம் பனி உடையுமோ என்பதுகூட இல்லை, அதன்மேல் லாரியே போகிறது என்றாள். மைனஸ் முப்பதில், மனித நடமாட்டம் இல்லாத இடத்தில், அந்த இன்ஜின் நின்றுவிட்டால் என் பெண் என்ன ஆவாள்? இதே நினைப்பாகப் போய்விட்டது எனக்கு.

நான் வேலை பார்த்தது இங்கே பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில், இன்ஸ்பெக்ஷனில். செய்து வருகிற பாகங்களை அளந்து பார்த்து, தேறும், தேறாது என்று சொல்வது என் உத்தியோகம். ரிட்டயராகி மாரெட்பள்ளி வீட்டில் உட்கார்ந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. மகளுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் இன்ஜினைப் பிரித்ததும் என்னை வீடியோவில் கூப்பிட்டாள்.

உள்ளே இரண்டு பிஸ்டன். ஒன்று அடிபிடித்த பால் பாத்திரம் மாதிரி பக்கவாட்டில் கருகிக் கீறியிருந்தது. இன்னொன்று பார்வைக்கு நன்றாகவே இருந்தது.

"கருகின ஒண்ணை மாத்தினா போதும்ல?"

"ரெண்டையும் மாத்து. பழசு எப்போ காலை வாரும்னு நான் இங்க உக்காந்து யோசிச்சிட்டிருக்க முடியாது."

"ஹவ், ஆமாமா, அம்மாவுக்கு யோசிக்க வேற விஷயமா இல்ல" என்றார் என் கணவர், பேப்பருக்குப் பின்னாலிருந்து. அவர் அக்கவுண்ட்ஸில் இருந்தவர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என்னைப் பார்த்து வாரத்துக்கு ஒருதரமாவது சொல்லிவிடுவார்.

பிஸ்டனில் இரண்டு தினுசு உண்டு. உருக்கி வார்த்தது காஸ்டிங், அழுத்தி அடித்துச் செய்தது ஃபோர்ஜிங். ஃபோர்ஜிங் பலம் அதிகம். பயந்தவள் எதைச் சொல்வாள்? பலமானதையே வாங்கு என்று சொன்னேன். மறுநாள் குக்கர் வைக்கும்போதுதான் உறைத்தது. அந்தத் தினுசு சூட்டில் அதிகம் உப்பும். இன்ஜினைக் கொஞ்ச நேரம் சூடாக விடாமல் காலை அவசரத்தில் முறுக்கினால், பிஸ்டன் உப்பி, இன்னும் சில்லிட்டிருக்கிற சிலிண்டருக்குள் இறுகிக்கொள்ளும். என் மகளோ தினமும் ஸ்கூல் பஸ்ஸைத் துரத்திப் பிடித்து ஏறிய ஜென்மம். அவளாவது காத்திருப்பதாவது. அடுப்பை அணைத்துவிட்டு, காஸ்டிங்கே வாங்கு என்று மெசேஜ் அனுப்பினேன்.

"நேத்து வேற சொன்னியே?"

"நேத்து வேற பயம். இது வேற பயம்."

அடுத்தது சிலிண்டர், இரண்டு பிஸ்டனும் ஏறி இறங்கும் துளைகள் உள்ள ஒரே வார்ப்பு. அதன் உட்சுவர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்துவிட்டுத்தான் பிஸ்டன் வாங்க வேண்டும். பக்கத்து வீட்டிலிருந்து அளக்கும் கேஜ் ஒன்றை இரவல் வாங்கிவந்து, ஷெட்டில் நின்றபடி கேமராவுக்கு முன்னாலேயே அளந்தாள். நன்றாக அளந்தாள், என் பெண்ணாயிற்றே. லிமிட்டுக்குள் இருந்தது. "சூப்பர், ஆர்டர் போட்டுடறேன்" என்றாள். எனக்கும் மூச்சு வந்தது. அப்போதுதான் பார்த்தேன், பேசும்போது அவள் வாயிலிருந்து புகையாக வந்துகொண்டிருந்தது.

"அந்த ஷெட்ல ஹீட்டர் இல்லையா?"

"இல்ல. மைனஸ் இருபது இருக்கும். ஏன்?"

எங்கள் இன்ஸ்பெக்ஷன் அறையில் எப்போதும் இருபது டிகிரிதான். வெளியிலிருந்து வருகிற எந்தப் பொருளையும் ஒரு நாள் அங்கே ஆறப்போட்டுவிட்டுத்தான் தொடுவோம். அலுமினியம் குளிரில் இரும்பைவிட அதிகமாகச் சுருங்கும். அவள் சிலிண்டர் அலுமினியம், கேஜ் இரும்பு. தேய்ந்து அகன்றுபோன சிலிண்டர்கூட அந்தக் குளிரில் நல்ல பிள்ளை வேஷம் போடும். அதை நம்பிப் போட்ட பிஸ்டன் உள்ளே லொடலொடவென்று ஆடி, ஒருநாள் உடைந்துபோகும். அந்த ஒருநாள் எங்கே வாய்க்கும் என்று எனக்குத் தெரியாதா?

"வீட்டுக்குள்ள கொண்டுபோய் வை. நாளைக்கு அளந்துக்கலாம்."

"நக்கோ அம்மா. லைட் தீஸ்கோ." வேண்டாம், லேசாக எடுத்துக்கொள் என்று எங்கள் ஊர் உருதும் தெலுங்கும் கலந்து சொன்னாள்.

"லைட்டும் இல்ல, ஹெவியும் இல்ல. கொண்டுபோய் வைடி. எனக்குப் பயமாயிருக்கு."

பயமாயிருக்கிறது என்று அவளிடம் நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்தடவை என்று நினைக்கிறேன். உடனே சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் சமையல் மேடையில் வைத்து அளந்தபோது லிமிட்டைத் தாண்டியிருந்தது. அவள் முகத்திலும் அப்போது சிரிப்பு இல்லை.

அந்த மாதிரி உள்ளே பூச்சுப் போட்ட அலுமினியச் சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்க முடியாது, பூச்சையே புதிதாகப் போட வேண்டும். தூரத்து நகரத்துக்கு அனுப்பினாள். அது திரும்பி வரும்வரை காரில் சுற்றித்தான் பள்ளிக்குப் போனாள், நானும் நிம்மதியாகச் சாப்பிட்டேன். வந்ததும் வீட்டுக்குள்ளேயே வைத்து அளந்தாள், புதுப் பிஸ்டன் இரண்டையும் மாட்டினாள், கரையோரமாகவே சில நாள் ஓட்டிப் பார்த்தாள்.

"நீ ஓகேன்னு சொன்னாத்தான் ஏரிக்குள்ள எடுப்பேன்" என்றாள்.

தேறாது என்று சொல்ல எனக்கு ஒருநாளும் பயம் இருந்ததில்லை. திட்டுவார்கள், அவ்வளவுதான். தேறும் என்று சொல்வதுதான் கஷ்டம். அதுவும் பெற்ற பெண் ஏறி உட்காருகிற வண்டிக்கு. குறை ஏதாவது கிடைக்குமா என்று எல்லா அளவையும் மறுபடி கேட்டேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

"சரி, போ" என்றேன்.

அங்கே அவள் காலையில் கிளம்பும்போது இங்கே எங்களுக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரம். சப்பாத்தியைப் போட்டுக்கொண்டிருந்தேன், போன் அடித்தது. திரையில் எங்கும் வெள்ளை.

"எங்க இருக்கே?"

"நடு ஏரில."

"சத்தமே கேக்கலையே?"

"ஆஃப் பண்ணிட்டேம்மா. எவ்ளோ அமைதியா இருக்கு பாரு. உனக்குக் காட்டணும்னுதான்."

"முதல்ல ஸ்டார்ட் பண்ணு."

"ஒரு நிமிஷம் பாரேன்மா."

"ஸ்டார்ட் பண்ணுடி."

போனைச் சீட்மேல் வைத்தாள். வெளுத்த வானம் மட்டும் தெரிந்தது. ஸ்டார்ட் பண்ணுகிற கயிற்றை இழுக்கிற சத்தம் கேட்டது. ஒன்றும் இல்லை. மறுபடி இழுத்தாள். அதற்கும் ஒன்றும் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை, பின்னால் நின்று என் தோளைப் பிடித்திருந்தார். இன்னொரு இழுப்பில் இன்ஜின் உறுமிக் கிளம்பியது. அவள் ஏதோ கத்தினாள், அந்தச் சத்தத்தில் எங்களுக்குப் புரியவில்லை. பிறகு போன் கட்டாகிவிட்டது.

"கையை எடுங்க, வலிக்குது" என்றேன்.

அக்கரை சேர்ந்துவிட்டதாக அவள் மெசேஜ் வரும்வரை அவர் எடுக்கவில்லை.