ஸ்டார்ட்டர் மேல் விழுந்த பழி

சட்டைப் பையில் குத்தியிருந்த அட்டை அவரை இப்படி வர்ணித்தது: "சான்று பெற்ற என்ஜின் ஆயில் ஆலோசகர். வாகனம், தட்பவெப்பம், ஓட்டும் முறை மூன்றையும் ஆராய்ந்து பரிந்துரைப்பவர்." அவரிடம் சைக்கிள்கூடக் கிடையாது. தட்பவெப்பம் என்று அவர் அறிந்ததெல்லாம் அவர் வேலை பார்த்த ஆயில் கடையில் மின்விசிறி ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்பதுதான்.

ஆராய்ச்சியும் ஒன்றே ஒன்று. ஒரு சொட்டு ஆயிலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்லப் பிரிப்பார். ஆயில் நூலாக இழுபட்டால், "பாத்தீங்களா, எப்படிப் பிடிக்குது! இதுதான் சார் என்ஜினுக்குக் கவசம்" என்பார். நூல் இழுக்காத சிந்தெடிக் ஆயில், விலை எவ்வளவானாலும், அவருக்கு வெறும் தண்ணீர். வெயில் கொளுத்தும் ஊர், தேய்ந்துபோன பழைய என்ஜின்கள். அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே போயிற்று. தப்பான காரணத்துக்காகப் பல வருஷம் சரியாக இருந்துவிட்டவரைத் திருத்துவது லேசில்லை.

தங்கையின் கணவர் புது வேன் வாங்கிக்கொண்டு மலை மேல் ஊருக்குக் குடிபோனார். விடியற்காலையில் ஆஸ்பத்திரி ஊழியர்களை ஏற்றிப்போகும் வேலை. வண்டியின் கையேடு 5W-30 சிந்தெடிக் போடச் சொன்னது. ஆலோசகர் கையேட்டை ஒதுக்கி, விரலைப் பிரித்துக் காட்டி, கெட்டியான 20W-50 ஆயில் கேனைத் தானே தூக்கிக் கொடுத்து, அதையே ஊற்றவும் வைத்தார்.

குளிர்காலம் வந்தது. ஒரு மத்தியானம் போனும் வந்தது.

"மச்சான், பேட்டரி மாத்தியும் காலையில வண்டி எழும்ப மாட்டேங்குது. ஙொர்ர், ஙொர்ர்னு முனகிட்டுப் படுத்துக்குது. வெயில் ஏறினா நல்ல பிள்ளை! நேத்து நர்ஸம்மாங்க நடந்தே போனாங்க. இன்னொரு வாட்டி லேட்டானா வேற வண்டி வச்சுக்குவாங்களாம்."

"மெக்கானிக் என்ன சொல்றான் மாப்பிள்ளை?"

"ஆயிலைத்தான் சந்தேகப்படறான். நான் விடுவேனா? 'எங்க மச்சான் யாரு தெரியுமா, சட்டையிலயே எழுதியிருக்கும்'னு நாலு பேர் முன்னால அவன் வாயை அடைச்சிட்டேன்."

ஆலோசகருக்குக் காது சுட்டது. ஆனாலும் வாய் பழகிய தோரணையில், "என்ஜினைச் சுத்திவிடற ஸ்டார்ட்டர் போயிருக்கும்" என்றது.

தங்கை போனைப் பிடுங்கினாள். "நாளைக்கே மாத்தச் சொல்லிடறேன் அண்ணே. நீ சொன்னா சரிதான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

இரண்டு ஆயிலையும் சின்ன பாட்டில்களில் ஊற்றி, கடை ஃப்ரிட்ஜின் ஐஸ் அறையில் சொருகினார்.

"என்னய்யா, ஜூஸ் வியாபாரமா?" என்றார் முதலாளி.

கடை அடைக்கும் முன் எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். சிந்தெடிக் சரசரவென்று ஓடி வந்தது. அவருடைய கவசம் பாட்டில் கழுத்துவரை வந்து நின்று யோசித்தது. W-க்கு முன்னால் உள்ள எண் சின்னதாக இருந்தால் குளிரில் ஆயில் சுலபமாக ஓடும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அவர் அப்போது பக்கத்து ஆளுக்கு விரல் வித்தை காட்டிக்கொண்டிருந்தார். விரலின் சூட்டை நம்பி, பனியில் விறைக்கும் என்ஜினுக்கு வைத்தியம் சொல்லியிருக்கிறார்.

"அட விடுய்யா," என்றார் விஷயத்தைக் கேட்டுக்கொண்ட முதலாளி. "புது ரகம் வந்திருக்குன்னு சொல்லி மாத்திடு. யாருக்குத் தெரியப்போகுது?"

யோசனை நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் மலையேறும் முதல் பஸ்ஸில், மடியில் புது ஆயில் கேனை வைத்துக்கொண்டு, பாதி வழிவரை அவரும் அந்த வசனத்தைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது மெக்கானிக் ஸ்பேனரோடு ஸ்டார்ட்டரை நெருங்கியிருந்தான். அதே நாலு பேரும் சுற்றி நின்றார்கள்.

"கை வைக்காதப்பா. அது மேல ஒரு குத்தமும் இல்ல. நான் கொடுத்த ஆயில்தான் தப்பு. போன்லயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொல்ல வாய் வரல."

மாப்பிள்ளை மெக்கானிக்கின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை; சிரித்திருந்தால் ஆலோசகருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஆலோசகர் வேனுக்கு அடியில் படுத்து, மெக்கானிக் காட்டிய போல்ட்டைக் கழற்றித் தான் கொடுத்த ஆயிலை வடித்துவிட்டு, கையேட்டில் சொல்லியிருந்த ஆயிலை ஊற்றினார்.