அக்காவுக்காக நான் கேட்ட வேலை

போன வாரம் தம்பியை இன்டர்வியூவுக்கு ஆட்டோவில் கூட்டிப்போனபோது, கம்பெனி கேட்டுக்கு நூறடி முன்னாலேயே வண்டியை நிறுத்திவிட்டேன். "இன்னாப்பா, உள்ள வரைக்கும் வாயேன்" என்று கூப்பிட்டான். நான் போகவில்லை. உங்கள் அப்பாவான எனக்கு அக்கறை இல்லை என்று பிள்ளைகள் நீங்கள் இரண்டு பேரும் நினைத்துவிடக் கூடாது, அதனால் இதை எழுதுகிறேன். உங்கள் அக்கா விஷயம் இது. அப்போது நீங்கள் சின்னப் பிள்ளைகள்.

அக்கா இன்ஜினியரிங் முதல் வருஷம் முடிக்கிற சமயம். கோடை லீவில் ஏதாவது ஒரு கம்பெனியில் இரண்டு மாதம் வேலை பழக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. இன்டர்ன்ஷிப் என்றாள். மூன்றாம் வருஷத்துப் பிள்ளைகள்தான் அதற்குப் போவார்களாம். இவள் டெலிபோன் டைரக்டரியைப் பார்த்து இருபது கம்பெனிக்குத் தன் கையாலேயே கடிதம் எழுதிப் போட்டாள். வைட்ஃபீல்டிலிருந்து ஒரே ஒரு கம்பெனி வரச் சொல்லிப் பதில் போட்டது. அந்தக் கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

நானே ஆட்டோவில் கூட்டிப்போனேன். காக்கிச் சட்டையோடு போனால் அவளுக்குக் கூச்சமாக இருக்குமே என்று வெள்ளைச் சட்டை போட்டேன். ஸ்ரீராம்புரம் ஆட்டோ ஸ்டாண்டில், "இன்னா தலைவா, இன்டர்வியூ பொண்ணுக்கா, உனக்கா?" என்று கிண்டல் செய்தார்கள்.

கேட்டில் அக்கா, "நீ வெளியவே இருப்பா, நான் பாத்துக்கிறேன்" என்றாள். முக்கால் மணி நேரம் பொறுத்தேன். அப்புறம் மனசு கேட்காமல், வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு உள்ளே போய் நின்றேன். கதவு திறந்து அவளும் ஒரு ஆபீசரும் பேசிக்கொண்டே வந்தார்கள். புரோகிராம் எழுதுகிறவர்களோடு உட்கார், ஒரு கம்ப்யூட்டர் தருகிறோம், திங்கட்கிழமை வா என்று அவர் கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். வேலை கிடைத்துவிட்டது. நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

கும்பிட்டேன். "சார், யாவ கெலச கொட்ரூ மாட்தாளெ" என்றேன். எந்த வேலை கொடுத்தாலும் செய்வாள் என்று. அதோடு விட்டேனா? ஃபைல் அடுக்குவாள், ஜெராக்ஸ் எடுப்பாள், சம்பளமே வேண்டாம் என்றும் சொன்னேன். லாரி கிளீனர் வேலை, கேரேஜ் வேலை, முதலில் ஓட்டின வாடகை ஆட்டோ, எல்லாம் எனக்கு இந்தப் பேச்சில்தான் கிடைத்தது. வேலை கேட்க எனக்கு வேறு விதம் தெரியாது.

அக்கா தரையைப் பார்த்தாள். ஆபீசர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆய்த்து, ஆய்த்து", சரி சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டு மாதமும் பஸ்ஸில் போய்வந்தாள். கேட்டால், "நல்லாருக்குப்பா" என்பாள். விரல் நுனியெல்லாம் கறுப்பாக இருக்கும். கம்ப்யூட்டர் வேலை என்றால் அப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

முடிவில் ஒரு சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள். அவளைக் கேட்காமலே எடுத்துப்போய் லேமினேட் செய்தேன். கடைக்காரர் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது படித்துவிட்டு, "பாப்பா ஆபீஸ் அசிஸ்டென்ட்டா இருந்துச்சாண்ணா?" என்றார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். திங்கட்கிழமை இன்னொரு மாணவனும் வந்திருந்தானாம். கம்ப்யூட்டர் ஒன்றுதான் காலி. அதை அவனுக்குக் கொடுத்துவிட்டு இவளை ஜெராக்ஸ் மெஷினுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இவள் போய்க் கேட்டதற்கு அந்த ஆபீசர், "உங்கப்பாதானேம்மா சொன்னாரு, நீ எந்த வேலைன்னாலும் செய்வேன்னு" என்றாராம்.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"விடுப்பா. நீ நல்லதுக்குத்தான் சொன்ன."

அதற்கப்புறம் எந்த இன்டர்வியூவைப் பற்றியும் அவள் என்னிடம் சொன்னதில்லை. புனேவில் வேலை கிடைத்ததை உங்கள் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறாள். "சாப்டியா, பிரஷர் மாத்திரை போட்டியா?" என்று அன்பாகக் கேட்கிறாள். ஆபீஸ் எப்படியிருக்கு என்று நான் கேட்டால், "அம்மாகிட்ட குடுப்பா" என்கிறாள்.

அந்தச் சர்ட்டிபிகேட்டை பீரோவிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். லேமினேட் செய்துவிட்டதால் கிழிக்கவும் வரவில்லை.

தம்பி, இப்போதும் ஒரு ஆபீசரைப் பார்த்தால் என் கை தானாகக் கும்பிடுகிறது. வாய் என்ன சொல்லுமோ எனக்கே தெரியாது. அதனால்தான் வண்டியை அவ்வளவு தள்ளி நிறுத்தினேன்.