நான் எண்ணாமல் விட்ட எட்டுப் பந்துகள்

போன சனிக்கிழமை பேஸ்பால் மைதானத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஜமால். (பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன்.) நாகூர்க்காரர், பார்மா கம்பெனியில் ஐ.டி. வேலை. அவர் மகன் இர்ஃபான் தூரத்தில், பவுண்டரி வேலியோரமாக ஃபீல்டிங் நின்றுகொண்டிருந்தான்.

"போன வருஷம் இவன்தானே மெயின் பிட்சர்! ஏன் இன்னும் பந்து போட விடலை? டாக்டர்தான் ஓகே சொல்லிட்டாராமே?" என்று கேட்டேன்.

"பயமா இருக்கு அங்கிள். இவன் கையைக் கெடுத்ததே நான்தானே? தினம் சாயங்காலம் பேக்யார்டுல ஒரு பக்கெட் பந்தை வச்சுக்கிட்டு, போடுடா போடுடான்னு... அந்தப் பக்கெட்டை நான் கராஜ்ல தூக்கிப் போட்டவன்தான், இன்னிக்கு வரைக்கும் தொடலை. அவன் கேட்டுக்கேட்டு ஓஞ்சு போயிட்டான்."

நான் மைதானத்தின் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் அந்தக் கையைக் கெடுத்தவர் ஜமால் அல்ல.

நான்.

எங்கள் பிரிட்ஜ்வாட்டர் பக்கத்தில் பிள்ளைகளுக்கு ஒரு டிராவல் பேஸ்பால் கிளப் இருக்கிறது. வாராவாரம் ஊர் ஊராகக் காரில் போய் ஆடுவார்கள். லாபத்துக்கு நடப்பதல்ல. மைதானத்தில் கோடு போடுவதிலிருந்து ஹாட் டாக் சுடுவதுவரை எல்லாம் குடும்பத்தினரே. வீட்டுக்கு ஓர் ஆள் வேலை செய்தாக வேண்டும். என் மகனும் மருமகளும் யோசிக்கவே இல்லை. "அப்பா, நீங்கதான் சும்மா இருக்கீங்க!"

சும்மாவா? சென்னையில் நாற்பது வருடம் கிரிக்கெட் லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதியவன் நான். பேரனும் அணியில் இருக்கிறான். ஸ்கோர் புத்தகத்தை என்னிடம் கொடுங்கள் என்றேன். கூடவே கட்டை விரலால் அழுத்தி எண்ணும் ஒரு சின்ன கிளிக்கரையும் கொடுத்தார்கள்.

அது எதற்கு? பன்னிரண்டு வயதுப் பையன் ஒரு நாளில் எண்பத்தைந்து பந்துதான் வீசலாம். வளரும் எலும்பு, அதற்குமேல் தாங்காது. எண்பத்தைந்து ஆனதும் ஆளை மாற்ற வேண்டும். ஒவ்வொரு பந்துக்கும் ஓர் அழுத்து. இதில் தப்பு செய்ய என்ன இருக்கிறது?

இருந்தது. கிரிக்கெட்டில் வைடு போனால் அந்தப் பந்து ஓவர் கணக்கில் சேராது. நாற்பது வருடப் பழக்கம். இர்ஃபானின் பந்து கேட்சர் தலைக்கு மேலே எகிறிப் பின்வேலியில் போய் மோதினால், என் பேனா புத்தகத்தின் ஓரத்தில் 'W' என்று எழுதும். கட்டை விரல் மட்டும் அசையாது!

போன வருடம் ஒரு நாள், ஆறு இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஐந்தாவது முடிந்தது. எங்கள் அணி ஒரே ஒரு ரன் முன்னிலை. எதிர் அணிக்கு ஸ்கோர் எழுதிய அம்மாள், என் வயதுதான் இருக்கும், எட்டிப் பார்த்தாள். இர்ஃபானுக்குத் தன்னிடம் எண்பத்தாறு, உங்களிடம் எத்தனை என்றாள்.

என்னிடம் எழுபத்தெட்டு.

"மேடம், நான் நாற்பது வருஷமாக ஸ்கோர் எழுதுகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சத்தமாக, சுற்றியிருந்த பெற்றோர் எல்லாருக்கும் கேட்கும்படியாக. அவள் முகம் சிவந்து நகர்ந்துகொண்டாள். எங்கள் மைதானம் என்பதால் என் புத்தகத்துக்குத்தான் மதிப்பு.

நகர்ந்த பிறகு பக்கத்தைப் புரட்டினேன். ஓரத்து 'W'க்களை எண்ணினேன். எட்டு.

அந்தப் பக்கத்தில் இன்னொன்றையும் பார்த்தேன். முதல் மூன்று இன்னிங்ஸில் ஒரு 'W' கூட இல்லை. எட்டும் கடைசியில் வந்தவை. கை சோர்ந்த பிறகு வீசிய பந்துகள். எவற்றை முக்கியமாக எண்ணியிருக்க வேண்டுமோ, அவற்றைத்தான் நான் விட்டிருக்கிறேன்.

அப்போதுதான் கோச் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார். "அங்கிள்! இர்ஃபான் எத்தனை?"

இரண்டு வார்த்தை போதும் - 'எண்பத்தாறு, ஸாரி.' ஆனால் அந்த அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களும்தான்.

"எழுபத்தெட்டு" என்றேன்.

அதுவரை நடந்தது தவறு. அந்த நொடியிலிருந்து பொய்.

இர்ஃபான் மறுபடி வீச வந்தான். அதன் பிறகு எகிறிப்போன பந்துகளுக்கும் ஒழுங்காகக் கிளிக்கரை அழுத்தினேன். என்ன நேர்மை! ஐந்தாவது அழுத்தலில் பந்து பாதி வழியிலேயே விழுந்தது. பையன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

எலும்பின் வளரும் நுனியில் காயம். அந்த சீசன் போயிற்று. அடுத்த கூட்டத்தில் கோச், "வீட்டில் பிள்ளைகளை அதிகமாக வீச வைக்காதீர்கள்" என்று பொதுவாகச் சொன்னார். எல்லாரும் ஜமாலைப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் என்ன செய்தேன்? ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலுக்கு ஒரு வருடம் ஆகிறது.

பத்திரிகையில் இதை எழுதிவிட்டு அப்புறம் ஜமாலிடம் சொல்வது இன்னொரு கோழைத்தனம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். டீ வந்தது. குடிக்காமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

ஜமால் தன் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "ஒரு வருஷம் அங்கிள்" என்றார். "பக்கத்துப் பக்கத்து சேர்லதானே உட்கார்ந்திருந்தோம்?"



படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த இர்ஃபான் ஆங்கிலத்தில் சொன்னான். "நானும் எண்ணிக்கிட்டுதான் இருந்தேன் அங்கிள். எனக்கும் எண்பத்தாறு வந்தது. நீங்க எழுபத்தெட்டுன்னு சொன்னதும், நான்தான் தப்பா எண்ணிட்டேன்னு நினைச்சேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவன் அப்பாவின் பக்கம் திரும்பினான். "ஸோ... இட் வாஸ்ன்ட் யூ, வாப்பா?"

ஜமால் எழுந்தார். என்னைப் பார்க்காமல் கராஜுக்குப் போனார். பக்கெட்டை இழுக்கும் சத்தம் கேட்டது. பையன் பின்னாலேயே ஓடினான். கொஞ்ச நேரத்தில் பேக்யார்டிலிருந்து, பந்து கிளவுஸில் விழும் ஓசை. மெதுவாக. ஒவ்வொன்றாக.

ஆறிப்போன டீயோடு தனியே உட்கார்ந்திருந்தேன். எத்தனை பந்து என்று எண்ணவில்லை.

அந்த வேலைக்கு நான் லாயக்கில்லை.